மண் காத்து வைத்த அமானிதம்
கன்ஜ்-இ-ஸவாயீ கப்பலும் ஒரு யமன் நாணயமும்

 

2014ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்திலுள்ள மிடில்டவுன் என்னும் ஊரில், பழத்தோட்டம் ஒன்றின் மண்ணுக்கடியிலிருந்து ஒரு வெள்ளி நாணயம் எடுக்கப்பட்டது. விரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. காலத்தால் கறுத்துப் போனது. எடுத்தவர் தொல்லியல் துறை அதிகாரி அல்லர். ஓய்வு நேரங்களில் மெட்டல் டிடெக்டர் என்னும் உலோகங்காட்டும் கருவியை ஏந்திக்கொண்டு பழைய குடியிருப்பு நிலங்களில் நாணயம் தேடும் ஆர்வலர் ஒருவர். அது ஸ்பெயின் நாட்டு நாணயமாகவோ, மாசசூசெட்ஸ் குடியேற்றத்தார் அடித்த நாணயமாகவோ இருக்கும் என்றுதான் முதலில் எண்ணினார். மண்ணைத் துடைத்துப் பார்த்தபோது அதில் தென்பட்டவை அரபு எழுத்துகள்.

ஆய்ந்து பார்த்ததில் அந்நாணயம் 1693ஆம் ஆண்டு யமன் நாட்டில் அச்சிடப்பட்டது என்பது தெளிவாயிற்று. அக்காலத்தில் யமனை ஸைதீ மரபைச் சேர்ந்த இமாம்கள் ஆண்டு வந்தனர். அமெரிக்காவின் வடகிழக்குக் கரையிலோ ஆங்கிலேயக் குடியேற்றத்தார் காட்டை வெட்டிக் கழனியாக்கி வாழ்ந்து கொண்டிருந்தனர். அவர்களுக்கும் அரபு நாட்டுக்கும் அப்போது நேரடி வணிகம் எதுவும் இருந்ததில்லை. அமெரிக்கக் கப்பல்கள் காப்பிக்கொட்டை வாங்க மொக்காத் துறைமுகத்துக்குச் செல்லத் தொடங்கியது ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்தே. அப்படியானால் யமன் நாட்டு வெள்ளி அந்தத் தோட்டத்து மண்ணுக்குள் எப்படிப் போயிற்று?

இந்த வினாவுக்கு விடை தேடிச் செல்லும் வழி, ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றித் தாயகம் திரும்பிக் கொண்டிருந்த நம் நாட்டு ஹாஜிகளின் கண்ணீரில் போய் முடிகிறது. ஆகவேதான் தொலைதூர நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு சிறு காசின் வரலாற்றை இம்மலரில் எழுத முற்பட்டோம்.

கைவிடப்பட்ட மனைகள்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களை நியூ இங்கிலாந்து என்பர். அங்குள்ள காடுகளுக்குள் நடந்து செல்வோர் ஆள் நடமாட்டமே இல்லாத இடங்களில் நீண்ட கல் வேலிகளைக் காண்பர். இன்று காடாயிருக்கும் அந்நிலம் ஒரு காலத்தில் வயலாகவும் மேய்ச்சல் நிலமாகவும் இருந்தது என்பதற்கு அவ்வேலிகளே சான்று. 1825இல் ஈரீக் கால்வாய் திறக்கப்பட்டது. மேற்கேயுள்ள வளமான நிலங்களின் தானியம் மலிவாக வந்து சேர்ந்தது. கல்லும் கரடுமான நிலத்தில் உழைத்துச் சலித்த குடும்பங்கள் சில மேற்கு நோக்கிப் பெயர்ந்தன. சில, ஆலை நகரங்களுக்குக் குடிபோயின. வீடுகள் சரிந்தன, மரங்கள் வளர்ந்து மூடின.

ஆயினும் மனிதன் வாழ்ந்த இடம் அடையாளமின்றி மறைந்து விடுவதில்லை. வீட்டின் நிலவறை இருந்த இடம் கல் கட்டிய பள்ளமாக நிற்கிறது. கிணறு தூர்ந்து கிடக்கிறது. வாசற்படிக்கல் கிடக்கிறது. அந்த வீட்டுப் பெண்கள் வாசலில் நட்ட பூச்செடிகள், பார்ப்பார் யாருமின்றி வசந்தந்தோறும் பூத்துக் கொண்டிருக்கின்றன. நாணயம் தேடுவோர் முதலில் தேடுவது இந்த அடையாளங்களைத்தாம். பழைய நிலப்படங்களையும் பத்திரங்களையும் பார்த்து வீடு இருந்த இடத்தைக் குறித்துக் கொள்கின்றனர். வாசற்படியோரம், கிணற்றடி, துணி உலர்த்திய இடம், பெரிய மரத்தின் நிழல் என மக்கள் அமர்ந்தும் குனிந்தும் எழுந்தும் புழங்கிய இடங்களிலேதான் சட்டைப் பையிலிருந்து காசு விழுந்திருக்கும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட உண்மை.

அவ்வாறு கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஆணி, பொத்தான், குதிரை லாடம், துப்பாக்கி ரவை ஆகியவையே. நாணயம் அரிது. கிடைக்கும் நாணயங்களிலும் 1793 முதல் 1857 வரை அடிக்கப்பட்ட பெரிய செப்புச் சென்டுகளும், ஸ்பெயின் நாட்டு வெள்ளி ரியால்களும் குறிப்பிடத்தக்கவை. அமெரிக்காவுக்கென்று நாணயச்சாலை ஏற்பட்ட பின்னரும் 1857 வரை ஸ்பெயின் வெள்ளி அங்கே சட்டப்படி செல்லுபடியாயிற்று. ஆகவே ஸ்பெயின் காசு கிடைத்தால் எவரும் வியப்பதில்லை. யமன் காசுதான் வியக்க வைத்தது.

கருவி செயற்படும் விதம்

மெட்டல் டிடெக்டரை நாம் அறிவோம். விமான நிலையத்தில் ஹஜ்ஜுப் பயணிகளை வழியனுப்பச் செல்லும்போது பாதுகாப்பு வாயிலில் காண்பதும் அதே தத்துவத்தில் இயங்கும் கருவிதான். நிலத்தில் தேடும் கருவியில் நீண்ட கைத்தடியின் முனையில் வட்டமான கம்பிச்சுருள் ஒன்று இருக்கும். அதில் மாறுமின்னோட்டம் பாயும்போது சுற்றிலும் காந்தப்புலம் உண்டாகிறது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அப்புலம் அதனுள் சிறு மின்சுழல்களை எழுப்புகிறது. அச்சுழல்கள் தமக்கென ஒரு காந்தப்புலத்தைத் தோற்றுவிக்கின்றன. அதனைக் கருவி உணர்ந்து ஒலியாக மாற்றித் தருகிறது. வெள்ளியும் செம்பும் மின்சாரத்தை எளிதில் கடத்துவன. இரும்பு அவ்வளவு கடத்தாது. எனவே ஒலியின் வேறுபாட்டைக் கொண்டே ஆணி எது, காசு எது என்று பழகியவர்கள் ஓரளவு பிரித்தறிவர். தனி நாணயம் ஒன்றை ஏறத்தாழ ஒரு சாண் ஆழம் வரையில்தான் இக்கருவி காட்டும்.

1881ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, அவருடைய உடலில் தங்கிவிட்ட குண்டைக் கண்டறிய, தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் இத்தகைய கருவியொன்றைச் செய்து முயன்றார், பலனில்லை. இரண்டாம் உலகப் போரில் கண்ணிவெடிகளைத் தேட இது பெரிதும் பயன்பட்டது. போர் முடிந்தபின் பொதுமக்கள் கைக்கு வந்தது. உயிர் காக்கவும் வெடி தேடவும் தோன்றிய கருவி, வரலாறு தேடும் கருவியாகவும் ஆயிற்று.

கடலில் நடந்த கொடுமை

இனி அந்த நாணயத்தின் கதைக்கு வருவோம்.

முகலாயப் பேரரசர் அவ்ரங்கசீப் ஆலம்கீர் அவர்களின் காலத்தில் ஹாஜிகளின் பெரும் புறப்பாட்டுத் துறை சூரத். அங்கிருந்து ஆண்டுதோறும் கப்பல்கள் இந்தியத் துணிகளையும் பிற சரக்குகளையும் ஹாஜிகளையும் ஏற்றிக்கொண்டு மொக்காவுக்கும் ஜித்தாவுக்கும் செல்லும். விற்ற பணத்தை வெள்ளியாகவும் பொன்னாகவும் கொண்டு திரும்பும். அக்கப்பல்களில் பேரரசருக்கே சொந்தமான பெருங்கப்பல் ‘கன்ஜ்-இ-ஸவாயீ’. சூரத் துறைமுகத்தில் அதனினும் பெரிய கப்பல் இல்லை என்று அக்கால வரலாற்றாசிரியர் காஃபீ கான் தம் ‘முன்தகபுல் லுபாப்’ என்னும் பாரசீக நூலில் குறிப்பிடுகிறார். அதில் 80 பீரங்கிகளும் 400 துப்பாக்கிகளும் இருந்தன என்றும், திரும்பி வருகையில் 52 லட்சம் ரூபாய் மதிப்புள்ள பொன்னும் வெள்ளியும் இருந்தன என்றும் அவர் கணக்குத் தருகிறார்.

ஹென்றி எவரி என்பவன் ஓர் ஆங்கிலேய மாலுமி. 1694ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டுத் துறைமுகம் ஒன்றில் நின்றிருந்த, தான் வேலை பார்த்த கப்பலையே கலகம் செய்து கைப்பற்றி, அதற்கு ‘ஃபேன்சி’ என்று பெயர் மாற்றிக்கொண்டு கடற்கொள்ளையில் இறங்கியவன். செங்கடலின் வாயிலாகிய பாபுல் மன்தப் நீரிணையில் அவனும் வேறு சில கொள்ளைக் கப்பல்களும் ஹாஜிகளின் வரவை எதிர்பார்த்துக் காத்துக் கிடந்தன. முகலாயக் கப்பல்கள் இரவில் அவர்களைக் கடந்து சென்றுவிட்டன. கொள்ளையர் துரத்தினர். முதலில் அகப்பட்டது சூரத்தின் பெருவணிகர் முல்லா அப்துல் கஃபூர் அவர்களின் ‘ஃபத்ஹ் முஹம்மதி’ என்னும் கப்பல். அதன்பின் 1695 செப்டம்பரில், சூரத்தை அடைய இன்னும் சில நாள் பயணமே இருந்த நிலையில், கன்ஜ்-இ-ஸவாயீ தாக்கப்பட்டது.

தாக்க வந்த கப்பல் அளவில் மிகச் சிறியது. எனினும் நடந்தது வேறு. கன்ஜ்-இ-ஸவாயீயின் பீரங்கியொன்று சுடும்போதே வெடித்துச் சிதறித் தன் ஆட்களையே கொன்றது. பகைவரின் குண்டு பாய்மரத்தைச் சேதப்படுத்தியது. கப்பல் தலைவன் இப்ராஹீம் கான் முன்னின்று போரிடாமல் கப்பலின் அடித்தளத்துக்கு ஓடி ஒளிந்தான் என்றும், மொக்காவில் தான் வாங்கிய அடிமைப் பெண்களுக்குத் தலைப்பாகை கட்டி வாளைக் கையில் கொடுத்துச் சண்டைக்கு ஏவினான் என்றும் காஃபீ கான் மனம் வெதும்பி எழுதுகிறார். கப்பலில் அவ்வளவு ஆயுதம் இருந்தும், தலைவன் உறுதியாக நின்றிருந்தால் வென்றிருக்கலாம் என்பதே அவருடைய முடிவு. பிறருடைய கொடுமையை எழுதிய அதே பேனாவால் தம்மவருடைய கோழைத்தனத்தையும் அவர் மறைக்காமல் எழுதினார். வரலாறு எழுதுவோர்க்கு இருக்க வேண்டிய நேர்மை அதுவன்றோ!

ஒரு வார காலம் கொள்ளையர் அக்கப்பலைத் தம் பிடியில் வைத்திருந்தனர். செல்வம் ஒளித்து வைக்கப்பட்ட இடத்தைச் சொல்லுமாறு பயணிகள் வதைக்கப்பட்டனர். பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டனர். மானத்தைக் காக்க வேண்டிச் சிலர் கடலில் குதித்தனர். சிலர் கத்தியால் தம்மையே மாய்த்துக் கொண்டனர். கஅபாவைத் தவாஃப் செய்து, மதீனாவில் ஸலவாத் ஓதி, பிள்ளைகளைக் காணும் ஆவலோடு வந்து கொண்டிருந்தவர்கள் அவர்கள். இறைவன் அவர்களுக்கு உயர்ந்த பதவிகளை அருள்வானாக!

கொள்ளைபோன பொருளின் மதிப்பு 3,25,000 பவுன் என்று கிழக்கிந்தியக் கம்பெனி சொல்லிற்று. 6,00,000 பவுன் என்று முகலாயத் தரப்பு சொல்லிற்று. கொள்ளையருள் ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ ஆயிரம் பவுன் பங்கு கிடைத்தது. அக்காலத்து மாலுமி ஒருவன் வாழ்நாள் முழுதும் உழைத்தாலும் சேர்க்க முடியாத தொகை அது.

நீதி கிடைத்ததா?

சீரழிந்த கப்பல் சூரத் வந்து சேர்ந்தபோது ஊர் கொந்தளித்தது. சூரத்திலிருந்த ஆங்கிலேய வணிகர்கள் அனைவரும் காவலில் வைக்கப்பட்டனர்; கம்பெனியின் வணிகம் நின்று போயிற்று. பேரரசரின் சினத்தைத் தணிக்க, இழப்பீடு தருவதாகவும், இனி ஹஜ்ஜுக் கப்பல்களுக்குத் தாமே காவல் வருவதாகவும் கம்பெனி ஒப்புக்கொள்ள நேர்ந்தது. எவரியின் தலைக்கு முதலில் 500 பவுனும், பின்னர் 1,000 பவுனும் விலை வைக்கப்பட்டது. உலகெங்கும் தேடுதல் நடந்தது. அவன் அகப்படவேயில்லை.

1696இல் எவரியும் கூட்டாளிகளும் பஹாமாஸ் தீவுகளிலுள்ள நாசோ துறைமுகத்தை அடைந்தனர். அங்கிருந்த ஆங்கிலேய ஆளுநருக்குக் கையூட்டாகப் பொருளையும் கப்பலையும் கொடுத்துப் புகலிடம் பெற்றனர். பின்பு பிரிந்து சென்றனர். சிலர் அயர்லாந்து வழியே இங்கிலாந்துக்குப் போயினர். அவர்களுள் ஒருவன் ராச்சஸ்டர் என்னும் ஊரின் விடுதியில் தங்கியிருந்தபோது, அவனுடைய மேற்சட்டை அளவுக்கு மிஞ்சிக் கனப்பதை வேலைக்காரப் பெண் ஒருத்தி கவனித்துவிட்டாள். உள்ளே ஆயிரம் பவுனுக்கும் மேற்பட்ட பொற்காசுகள் வைத்துத் தைக்கப்பட்டிருந்தன. அவன் பிடிபட்டான்.

1696 அக்டோபரில் லண்டனில் ஆறு பேர் மீது விசாரணை நடந்தது. கன்ஜ்-இ-ஸவாயீயைக் கொள்ளையடித்த குற்றத்துக்காக முதலில் வழக்குத் தொடர்ந்தபோது, நடுவர் குழுவினர் அவர்களைக் குற்றமற்றவர்கள் என்று விடுவித்துவிட்டனர்! ஆட்சியாளர் திகைத்தனர். உடனே, தங்கள் நாட்டுக் கப்பலைக் களவாடிய குற்றத்தை முன்னிறுத்தி மறுபடியும் விசாரணை நடத்தித் தண்டனை பெற்றனர். நவம்பர் 25இல் ஐவர் தூக்கிலிடப்பட்டனர். ஹாஜிகளுக்கு இழைத்த கொடுமைக்காக அந்த நடுவர்கள் தண்டிக்க மனங்கொள்ளவில்லை. ஆங்கிலேயக் கப்பல் களவு போனது மட்டும் அவர்களுக்குக் குற்றமாகத் தெரிந்தது.

அதன் பின்னர் எவரியைப் பற்றிக் கட்டுக்கதைகள் பெருகின. முகலாய இளவரசியை மணந்து மடகாஸ்கர் தீவில் மன்னனாக வாழ்ந்தான் என்றெல்லாம் எழுதினர். 1712இல் லண்டன் நாடகமேடையில் அவனுடைய கதை ஏறியது. கொள்ளையன் கதாநாயகன் ஆனான். கொள்ளையடிக்கப்பட்டோரின் பெயர்களோ எந்த மேடையிலும் ஒலிக்கவில்லை.

காசு சொல்லும் சாட்சியம்

இங்கேதான் அந்தச் சிறு வெள்ளி நாணயம் பேசுகிறது. கொள்ளையருள் சிலர் அமெரிக்கக் குடியேற்றங்களில் கரையேறினர் என்பதை அக்கால ஆவணங்கள் காட்டுகின்றன. ‘ஸீ ஃப்ளவர்’ என்னும் கப்பல் 1696இல் ஏறத்தாழ நாற்பத்தெட்டு அடிமைகளோடு ரோட் ஐலண்டின் நியூபோர்ட் துறைமுகத்தை அடைந்தது. கொள்ளையர் ஃபேன்சியைக் கைவிட்டபின் அதைப் பயன்படுத்தினர் என்பது ஆய்வாளர் கூற்று. நியூபோர்ட்டும் மிடில்டவுனும் அடுத்தடுத்த ஊர்கள். ஹாஜிகளின் பொருளைக் கொள்ளையிட்டவர்கள், அடுத்துத் தங்களை அடிமை வணிகர்களாகக் காட்டிக்கொண்டு ஊருக்குள் கலந்தனர் என்று இதிலிருந்து அறிஞர்கள் கருதுகின்றனர்.

மிடில்டவுன் நாணயத்துக்குப்பின் மேலும் பல இடங்களில் அக்கால அரபு நாணயங்கள் கிடைத்தன. 2021இல் வெளியான செய்திகளின்படி மாசசூசெட்ஸில் 10, ரோட் ஐலண்டில் 3, கனெக்டிகட்டில் 2 கிடைத்திருந்தன. தெற்கே வடக்குக் கரோலினாவிலும் ஒன்று கிடைத்தது. கனெக்டிகட்டில் 2018இல் கிடைத்த நாணயம் தனிச்சிறப்புடையது. அது கைவிடப்பட்ட 17ஆம் நூற்றாண்டுப் பண்ணை வீட்டுமனை ஒன்றில், தொல்லியலார் முறைப்படி அகழ்ந்து கொண்டிருந்தபோது கிடைத்தது. எந்த வீட்டில், எந்த மண்ணடுக்கில், எந்தப் பொருள்களோடு கிடந்தது என்பதெல்லாம் பதிவாயிற்று. ஒரு நாணயம் மட்டும் கிடைத்திருந்தால், பிற்காலத்தில் யாரோ தொலைத்தது என்று தள்ளிவிடலாம். பல ஊர்களில், ஒரே காலத்துப் புழங்கிடங்களில், 1695க்கு முற்பட்ட நாணயங்களே கிடைக்கும்போது அவ்வாறு தள்ள இயலாது.

ஆயினும் அளவோடு பேசுதல் அறிவுடைமை. செங்கடலில் கொள்ளையடித்தவன் எவரி மட்டுமல்லன். நியூபோர்ட்டைச் சேர்ந்த தாமஸ் டியூ என்பவன் 1693இலேயே அங்கே சென்று ஒரு கப்பலைக் கொள்ளையிட்டுத் திரும்பியவன். இரண்டாம் முறை சென்றபோது மாண்டான். ஆகவே இந்தக் காசு இன்ன ஹாஜியின் மடியிலிருந்து பறிக்கப்பட்டது என்று எவரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. செங்கடல் வழியே வந்த மக்களின் பொருள், கொள்ளையர் கை வழியே அந்த மண்ணுக்குப் போயிற்று என்று சொல்ல மட்டும் இடமுண்டு. அதுவே போதுமான சாட்சியம்.

வேறொரு வழியில் சென்ற வெள்ளி

முஸ்லிம் நாடுகளின் நாணயம் அயல்நாட்டு மண்ணில் கிடைப்பதெல்லாம் கொள்ளைப் பொருள் என்றும் கருதிவிடலாகாது. 1999ஆம் ஆண்டு சுவீடனின் காட்லாந்து தீவில், ஸ்பில்லிங்ஸ் என்னும் பண்ணை நிலத்தில் இதே கருவியின் உதவியால் ஒரு பெரும்புதையல் வெளிப்பட்டது. 67 கிலோ வெள்ளி. அதில் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட நாணயங்கள். ஏறக்குறைய அனைத்தும் முஸ்லிம் ஆட்சிப் பகுதிகளின் திர்ஹம்கள். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் அழிந்துபோன ஒரு கட்டடத்தின் தரைக்கடியில் அவை புதைத்து வைக்கப்பட்டிருந்தன. அப்பாஸிய கிலாஃபத்தின் வெள்ளி, ரஷ்யாவின் ஆறுகள் வழியே வடதேசத்தாரின் தோலுக்கும் ஏனைய சரக்குக்கும் விலையாகச் சென்று சேர்ந்தது. அக்குவியலில் ‘மூஸா அல்லாஹ்வின் தூதர்’ எனப் பொறித்த கஸர் நாட்டு நாணயம் ஒன்றும் இருந்தது. பக்தாதில் நம்பகமாயிருந்த வெள்ளியை, அதன் எழுத்தைப் படிக்கத் தெரியாத வடதேசத்தாரும் நம்பி வாங்கினர். நேர்மையான எடைக்குக் கிடைத்த மரியாதை அது.

இரண்டும் வெள்ளி, இரண்டிலும் அரபு எழுத்து. ஒன்று தராசில் நிறுத்து வாங்கப்பட்டது. மற்றது வாள்முனையில் பறிக்கப்பட்டது. இரண்டையும் மண் ஒரே விதமாகக் காத்து வைத்தது. எது எப்படி வந்தது என்று பிரித்தறிவது வரலாற்றறிவின் வேலை.

கண்டெடுத்தவருக்கு உரியதா?

அமெரிக்காவில் தனியார் நிலத்தில் உரிமையாளரின் இசைவோடு தேடலாம்; 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி நடுவணரசின் நிலங்களில் தொல்பொருள் எடுப்பது குற்றம். இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, புதையல் எனத் தக்கதைக் கண்டவர் 14 நாட்களுக்குள் அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். சுவீடனில் அனுமதியின்றி இக்கருவியைப் பயன்படுத்தவே கூடாது. நம் நாட்டில் 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் உண்டு. மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் விதி. தெரிவிக்காமல் மறைப்பவர் தமக்குரிய பங்கையும் இழந்து தண்டனைக்கும் ஆளாவார்.

நமது ஃபிக்ஹு நூல்களும் இதனைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நுணுக்கமாக ஆராய்ந்துள்ளன. இஸ்லாத்துக்கு முற்பட்ட மக்கள் புதைத்து வைத்த செல்வம் ‘ரிகாஸ்’ எனப்படும். அதில் ஐந்தில் ஒரு பங்கு கடமையாகும். ஆனால் கண்டெடுத்த நாணயத்தில் இஸ்லாமிய ஆட்சியின் முத்திரை இருந்தால், அது ரிகாஸ் ஆகாது. ‘லுகதா’ என்னும் கண்டெடுத்த பொருளின் சட்டத்தில் சேரும் என்று ஷாஃபிஈ, ஹனஃபீ நூல்கள் இரண்டிலும் காண்கிறோம். காரணம், அது ஒரு முஸ்லிமின் பொருளாயிருக்கலாம். அவருக்கோ அவருடைய வாரிசுக்கோ உரிமை இருக்கலாம். லுகதாவைக் கண்டவர் அதன் அடையாளங்களை மனத்தில் இருத்தி, ஓராண்டுக் காலம் மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி.

இச்சட்டத்தின் உள்நோக்கத்தைச் சிந்தித்துப் பாருங்கள். நாணயத்தின் மேலுள்ள எழுத்தை முதலில் படி என்கிறது மார்க்கம். இது யாருடையது என்று கேள் என்கிறது. எடுத்தவுடன் ‘எனக்குக் கிடைத்தது’ என்று மடியில் கட்டிக்கொள்வதைத் தடுக்கிறது. மிடில்டவுன் காசுக்கு வாரிசு தேடி இன்று யாரும் சூரத்துக்கு வரப்போவதில்லை. அதன் மீது தீர்ப்புச் சொல்வதும் நம் வேலையன்று. ஆயினும் அதைக் கண்டெடுத்தவர், விற்றுக் காசாக்கி வாய்மூடி இருந்துவிடாமல், எழுத்தைப் படிக்க முயன்று, எந்த ஊர், எந்த ஆண்டு என்று விசாரித்து, ஆய்விதழில் எழுதி உலகுக்கு அறிவித்தார். அறிவித்ததனால்தான் அடுத்தடுத்த ஊர்களில் கண்டவர்களும் தம் காசு இன்னதென்று உணர்ந்தனர். அறிவித்தல் என்னும் கடமையின் பயனை இதில் கண்கூடாகக் காண்கிறோம்.

நம் ஊர் மண்ணும் நம் பொறுப்பும்

நம் ஊர்களிலும் கைவிடப்பட்ட மனைகள் பெருகி வருகின்றன. பிழைப்புக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் அரபு நாடுகளுக்கும் சென்ற குடும்பங்களின் வீடுகள் பூட்டிக் கிடந்து, ஓடு சரிந்து, சுவர் இடிந்து நிற்பதை எல்லா ஊர்களிலும் காணலாம். பின்னர் அவற்றை இடித்துப் புதிய வீடு கட்டக் கடைக்கால் தோண்டும்போது பழைய காசோ பாத்திரமோ கிடைப்பதுண்டு. அப்போது நடப்பது என்ன? காசு நகைக்கடைக்குப் போய் உருக்கப்படுகிறது. அல்லது பழைய பொருள் வாங்குவோனிடம் எடைக்குப் போகிறது. அதோடு அந்த மனையில் யார் வாழ்ந்தார், எந்தத் துறைமுகத்தோடு வணிகம் செய்தார் என்ற செய்தியும் உருகிப் போகிறது.

ஆகவே ஜமாஅத்தார்க்கு நாம் விண்ணப்பிப்பது இதுதான். தோண்டும்போது பழம்பொருள் தென்பட்டால் முதலில் தோண்டுவதை நிறுத்துங்கள். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக் கொள்ளுங்கள். காசைப் புளியோ சாம்பலோ போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் எழுத்து அழிந்துவிடும். வட்டாட்சியர் வழியாகவோ நேரிலோ மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவியுங்கள். மறைப்பது சட்டப்படியும் குற்றம், அமானிதப்படியும் தவறு.

இன்னொன்றும் உண்டு. கன்ஜ்-இ-ஸவாயீயில் பாடுபட்ட அந்த ஹாஜிகளில் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது. விசாரிக்கப்பட்ட கொள்ளையரின் பெயர்கள் லண்டன் நீதிமன்ற ஏட்டில் உள்ளன. கொள்ளையடிக்கப்பட்டோரின் பெயர்கள் இல்லை. முந்நூறு ஆண்டுகள் கழித்து அவர்களுக்காக எழுந்து நின்று சாட்சி சொன்னது ஓர் உயிரற்ற காசு. காசுக்கு இருக்கும் நினைவுகூட ஒரு சமுதாயத்துக்கு இல்லாமற் போகலாமா?

நம் பள்ளியின் நிகாஹ் தஃப்தரும், மையவாடிப் பதிவும், ஆண்டுதோறும் ஹஜ்ஜுக்குச் சென்றோரின் பட்டியலும் வெறும் காகிதங்கள் அல்ல. இன்று எளிதாகத் தோன்றும் ஒரு பெயர், நூறு ஆண்டு கழித்து ஒரு குடும்பத்துக்குத் தன் வேரைக் காட்டும் ஆவணமாகலாம். செல்லரித்த பழைய தஃப்தர்களைப் படியெடுத்து வைக்கவும், இதுவரை ஹஜ் செய்தவர்களின் பெயர்களை மூத்தவர்களிடம் கேட்டுத் தொகுக்கவும், மதரஸா மாணவர்களைக் கொண்டு இவ்வாண்டே தொடங்கலாம். வீட்டில் பழைய பத்திரமோ கடிதமோ பயணச்சீட்டோ வைத்திருப்போர் அதன் நகலை ஜமாஅத் அலுவலகத்தில் கொடுத்துதவுமாறு அன்புடன் வேண்டுகிறோம்.

மறுமையில் பூமி தன் செய்திகளையெல்லாம் அறிவிக்கும் என்று நம்புகிறவர்கள் நாம். இம்மையிலேயே அது சில வேளைகளில் வாய் திறக்கிறது. கேட்கும் செவி நமக்கிருக்க வேண்டும். அந்த ஹாஜிகளின் பயணத்தை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பேணும் நன்மக்களாக நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.